மூன்றாவது சுற்று வரைக்கும்



விருந்தோம்பலைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் தமிழ்ச் சங்கச் செயலாளர். விருந்து போடுவதைப் பற்றி இந்த மேடையில் வருஷா வருஷம் பேசியாகிவிட்டது. அதில் நம்மைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாதபடி போடுவோம். அதனால் நான் மறுபக்கத்தைப் பேசுகிறேன். பிறத்தியார் பந்தியில் நாம் எப்படி உட்காருகிறோம்? இந்த ஊரில் எத்தனையோ நாட்டு உணவகங்கள் இருக்கின்றன. அங்கே போய் நாம் என்ன செய்கிறோம்? விருந்து போடுவதில் கெட்டிக்காரர்களான நாம், விருந்தாளியாக இருப்பதில் கொஞ்சம் மட்டம் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் குற்றவாளி நான்தான்.

வாஷிங்டன் வட்டாரத்துக்கு நான் வந்த புதிது. ஆடம்ஸ் மார்கன் பகுதியில் ஓர் எத்தியோப்பிய உணவகத்துக்கு நானும் மனைவியும் மச்சான் குடும்பமுமாகப் போனோம். புல்லால் முடைந்த கூடை மாதிரி ஒரு மேசை. மெசோப் என்று பெயர். உட்கார்ந்ததும் ஒரு பெண் கூஜாவில் வெந்நீரும் கையில் ஒரு பேசினுமாக வந்து நின்றாள். கை கழுவ நீர் ஊற்ற வந்திருக்கிறாள். எங்கள் பாட்டி வீட்டில் திண்ணையோரம் செம்போடு நிற்பார்களே, அதே மாதிரி. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “வேண்டாம், ஸ்பூன் கொடுங்கள்.” நாலு ஸ்பூன், நாலு தனித்தட்டு, நாலு கோக். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கூஜாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெரிய வட்டத் தட்டு வந்தது. தட்டு முழுக்க விரித்த இஞ்சேரா, அதன்மேல் ஐந்தாறு குவியலாகப் பருப்பும் கீரையும். அதை ஸ்பூனால் வெட்டித் தின்னப் பார்த்தோம். புளித்த மாவில் சுட்ட, துளைதுளையாக இருக்கிற, ஆப்பத்துக்கும் தோசைக்கும் நடுவிலான ஒரு பண்டத்தை ஸ்பூனால் தின்ன முயன்ற தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வலக்கையால் அழகாகப் பிட்டுப் பருப்பை வாரி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் முன்னால் நாகரிகம் கெட்டுவிடும் என்று கையை மடியில் ஒளித்துவைத்தோமோ, அவர்கள்தான் கையால் சாப்பிட்டார்கள்!

இன்னொரு மேசையில் ஒரு பாட்டி. ஒரு பெரிய உருண்டையாகப் பிடித்து, எதிரே உட்கார்ந்திருந்த தாடிவைத்த மகனின் வாயில் ஊட்டினார். நாற்பது வயது இருக்கும் அந்த மனிதருக்கு. “ஊட்டி விடறாங்க பாருங்க” என்றாள் என் மனைவி மெதுவாக. நிலாச்சோறு தின்று வளர்ந்தவள். அவள் குரலில் ஓர் ஏக்கம் இருந்தது. அவர்கள் அதைக் குர்ஷா என்கிறார்கள். உருண்டை பெரிதாக இருந்தால் மரியாதையும் பெரிது. விருந்தாளிக்கு நீட்டினால் மறுக்கக் கூடாது, வாயைத் திறக்க வேண்டியதுதான். நாங்கள் தனித்தட்டோடு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு யார் ஊட்டுவார்கள்?

அதற்குப் பிறகு பல வருஷம் கழித்துத்தான் அந்தச் சாப்பாட்டை நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் அன்று அந்நியர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்று. இஞ்சேரா சுடுவது டெஃப் என்ற தானியத்தில். கேழ்வரகைவிடச் சின்ன மணி. நம் கேழ்வரகுக்கும் பிறந்த வீடு அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். எத்தனையோ ஆயிரம் ஆண்டுக்கு முன் கடல் கடந்து வந்து நம் கூழானது. அவர்களுடைய மிசிர் வொட் மைசூர்ப் பருப்புக் குழம்பு. கிக் அலிச்சா மஞ்சள் போட்ட பருப்பு. வெண்ணெயை வெந்தயமும் ஏலமும் போட்டு உருக்கி எடுக்கிறார்கள். பெர்பெரே என்கிற மிளகாய்ப்பொடி இல்லாமல் அவர்களுக்கு ஒரு நாள் ஓடாது. அந்த மிளகாய் அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. இரண்டு வீட்டுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மருமகள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சேதி. “அந்தக் கடையில் நமக்கு என்ன கிடைக்கும்” என்று தயங்குகிறீர்கள் அல்லவா? எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பு. ஈஸ்டருக்கு முன்னால் தொடர்ந்து 55 நாள். எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய பாதி ஆண்டு இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. அதனால் அவர்களுடைய நோன்புச் சமையல் நம் அமாவாசைச் சமையலைவிடக் கண்டிப்பானது. “சோம்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நோன்புத் தட்டு வரும். மெனுவைத் தடவித் தடவி “இதில் முட்டை உண்டா, அதில் மீன் எண்ணெய் உண்டா” என்று அந்தப் பரிமாறும் பெண்ணை வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம்.

இனி பானத்துக்கு வருகிறேன். அன்று நாங்கள் கேட்ட கோக்கைப் பற்றித்தான் எனக்கு இன்றும் உறுத்தல். உணவிலாவது நாம் கொஞ்சம் துணிகிறோம். குடிப்பது என்று வந்தால் பழகிய புட்டியையே கேட்கிறோம். துருக்கிக் கடையில் அய்ரான் என்று உப்பு மோர் வைத்திருப்பான்; பாரசீகக் கடையில் தூக் என்று புதினா போட்ட மோர். மோருக்குப் பிறந்த நாம் அங்கே போய் ஸ்பிரைட் கேட்கிறோம்.

எத்தியோப்பியக் கடையில் குடிக்க வேண்டியது காப்பி. பூனா என்பார்கள். நம் ஊர்க்காரர் யாரிடமாவது காப்பியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நான் கும்பகோணத்துக்காரன், டிகிரி காப்பி என்ற சொல்லைக் கண்டுபிடித்தது எங்கள் தாத்தாதான் என்பது போலப் பேசுவேன். ஆனால் அராபிகாச் செடி காடாக வளர்ந்த இடம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலை. அங்கிருந்து ஏமனுக்குப் போய், ஏமனிலிருந்து பாபா புதன் 17ஆம் நூற்றாண்டில் ஏழு கொட்டையை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது கதை. நம் வீடுகளுக்குள் அது புகுந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். புகுந்த புதிதில் கள்ளைவிடக் கொடியது என்று திட்டியவர்கள் இருந்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று ஒரு புத்தகத்துக்கே பெயர் வைத்தார். சிக்கரி கலப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம். இன்று நாம் “நம்ம காப்பி” என்று உரிமை கொண்டாடுகிறோம். கொண்டாடலாம், தப்பில்லை. பிறந்த வீட்டுக்காரர் எப்படிக் குடிக்கிறார் என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுக் கொண்டாடலாம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில்வர் ஸ்பிரிங்கில் ஒரு சின்ன உணவகம். நடத்துகிற அம்மாவுக்கு என் அக்கா வயது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் காப்பிச் சடங்கு உண்டு என்றார். “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டேன். நம் புத்தி! “உங்களுக்கு அவசரமா?” என்று திருப்பிக் கேட்டார்.

தரையில் பச்சைப் புல் பரப்பினார்கள். கரை வைத்த வெள்ளை ஆடையில் அந்த அம்மா ஒரு சின்ன முக்காலியில் அமர்ந்தார். பச்சைக் காப்பிக்கொட்டையைக் கழுவி, கைப்பிடி வைத்த சின்ன வாணலியில் போட்டு, குலுக்கிக் குலுக்கி வறுத்தார். புகை கிளம்பியதும் வாணலியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றார். புகையைக் கையால் முகத்துக்கு இழுத்து முகர வேண்டும். கற்பூர ஆரத்தி ஒற்றிக்கொள்கிற மாதிரியே என் கை தானாகப் போயிற்று. ஓரத்தில் சாம்பிராணி. பிறகு உரலில் இடித்து, ஜெபனா என்ற கறுத்த மண்கூஜாவில் தண்ணீரோடு கொதிக்கவிட்டார். பிடியில்லாத குட்டிக் கோப்பைகளில், உயரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல ஊற்றினார். ஆற்றுவதில் நாம்தான் மன்னர்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை அந்த அம்மா.

முதல் சுற்றுக்கு அபோல் என்று பெயர். திடமாக, கசப்பாக இருந்தது, பால் கிடையாது. கொறிக்கச் சோளப்பொரி. அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தது இரண்டாவது, தோனா. நம் வீட்டில் இரண்டாம் டிகாக்‌ஷனை வேலைக்கார அம்மாவுக்குக் கொடுத்த கதையெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்து கூசியது. அங்கே எல்லோருக்கும் ஒரே கூஜா. மூன்றாவது சுற்று பரக்கா. ஆசீர்வாதம் என்று அர்த்தம். நீர்த்துப்போயிருக்கும், ருசிக்காக அதை யாரும் குடிப்பதில்லை. ஆனால் அதற்கு முன்னால் எழுந்து போவது மரியாதை இல்லை. நான் இரண்டாவது முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த அம்மா பார்த்துவிட்டார். “முதல் இரண்டும் காப்பிக்கு, இது உங்களுக்கு” என்றார்.

அந்த மூன்றாவது சுற்றில்தான் பேச்சே தொடங்கியது. 1974இல் பேரரசர் ஹைலி செலாசியை இறக்கிவிட்டு ராணுவம் வந்தது, அந்த அம்மாவின் குடும்பம் ஊரைவிட்டு ஓடியது, 1980இல் அமெரிக்காவில் அகதிகள் சட்டம் வந்தபின் இங்கே சேர்ந்தது. ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த கணவர் இங்கே டாக்சி ஓட்டினார், இவர் அடுப்பு மூட்டினார். இந்த அவையில் இருக்கும் யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு டொராண்டோவிலும் பாரிசிலும் லண்டனிலும் மூட்டப்பட்ட எத்தனை அடுப்புகளுக்குப் பின்னால் இதே கதை! இவ்வளவும் ஒரு நீர்த்த காப்பிக்குள் இருந்தது. கோக்கோடு எழுந்து வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

மதுவைப் பற்றிச் சொல்லாமல் தாண்டினால் நழுவிவிட்டேன் என்பீர்கள். எத்தியோப்பியரிடம் தெஜ் என்று தேனில் காய்ச்சிய மது உண்டு. கெஷோ என்ற இலை போட்டுப் புளிக்கவைப்பது. உருண்டை வயிறும் நீண்ட கழுத்துமான கண்ணாடிக் குடுவையில் தருவார்கள். தமிழ்ச் சங்கத்தில் பேசுகிறவன் சங்க இலக்கியத்தை இழுக்காமல் விடமாட்டான் என்று தெரியும், இதோ இழுக்கிறேன். பாண்டியன் நன்மாறனை வாழ்த்திய நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவை நீ அருந்தி மகிழ வேண்டும் என்கிறார். 1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது அந்த மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அயல்நாட்டுப் பானம் நம் பண்பாட்டுக்கு ஆகாது என்பவர்கள் நக்கீரரிடம் போய் வாதாடட்டும். அவர் சிவனிடமே வாதாடியதாகக் கதை உண்டு, ஜாக்கிரதை. அதற்காகக் குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லவில்லை நான். நானே தெஜ்ஜை நாக்கில் தொட்டதோடு சரி. புளிக்காத தேன்பானம் பிர்ஸ் என்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் ‘எனக்குப் பழக்கமில்லை, இது வேறு என்ன வகையில் கிடைக்கும்’ என்று கேட்டால் எந்த நாட்டுக்காரரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

மற்ற நாட்டு வழக்கங்கள் எல்லாம் எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்ளவில்லை. ஜப்பானியர் மேசையில் தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வதில்லை, அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. கொரியாவில் பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் கோப்பையை ஏந்த வேண்டும், குடிக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். இதை நம் கிராமத்துக்காரருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கான்டனீஸ் கடையில் தேநீர் ஊற்றியவருக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்வார்கள். கூஜா காலியானால் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், கையை ஆட்டிக் கூப்பிட வேண்டியதில்லை. தாய்லாந்துக்காரர் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார். அங்கே போய்க் குச்சி கேட்டு நம் உலக ஞானத்தைக் காட்டுகிறோம், பாவம், அவரும் தேடிக் கொண்டுவந்து தருகிறார்.

இன்னொரு விண்ணப்பம், பெண்களிடம் அல்ல, ஆண்களிடம்தான்: “எங்களுக்கு இந்தக் காரமெல்லாம் தூசு” என்று எல்லாக் கடையிலும் மார்தட்டுவதை நிறுத்துங்கள். பையிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுப்பதையும். என் மச்சான் ஒரு தடவை இத்தாலியக் கடையில் மாவடு எடுத்தார். அதற்குமேல் சொல்லமாட்டேன், அவரும் இங்கேதான் இருக்கிறார்.

அந்தக் காப்பிக்கு இரண்டு வாரம் கழித்து, நான் பித்தளை ஃபில்டரையும் டவரா டம்ளரையும் எடுத்துக்கொண்டு சில்வர் ஸ்பிரிங்குக்குப் போனேன். கடை மூடியபின் அவருடைய அடுப்பிலேயே பால் காய்ச்சி, ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரைத் தூக்கிக் குடிக்கும் விதத்தைக் காட்டினேன். ஆடைமேல் கொட்டிக்கொள்ளாமல் இருக்க அவருக்கு நாலு தடவை ஆயிற்று. குடித்துவிட்டு, “நல்ல பாயசம். காப்பி எங்கே?” என்றார். கும்பகோணத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனால் டம்ளர் காலியாகிவிட்டிருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அந்த அம்மா இன்று நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், வெள்ளை ஆடையில் இருப்பவர்தான். இன்னும் பத்து நிமிஷத்தில் பந்தி. தொண்டர்களே, கை கழுவ அவருக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோங்கள். இலையில் ரசம் ஓடினால் எப்படி அணை கட்டுவது என்று பக்கத்தில் உட்காருகிறவர் காட்டிக்கொடுங்கள். தயவுசெய்து யாரும் ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.