இரவில் துள்ளும் கால்கள்



தோட்டத்து வாழ்வில் நம் முதுகெலும்புக்கு நேரக்கூடிய ஆபத்துகள் பல. மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது, லோரி கவிழ்கிறது, மரக்கிளை முறிந்து விழுகிறது. இவற்றால் முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியுடன் வீடு திரும்பிய சகோதரர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் பகலில் படும் துன்பத்தை அண்டை அயலார் காண்கின்றனர். இரவில் படும் துன்பத்தை அறிந்தவர்கள் வீட்டார் மட்டுமே. அவ்விரவுத் துன்பங்களுள் ஒன்றாகிய தசை இழுப்பைக் குறித்து இன்று சில கூற விரும்புகிறோம்.

பகலெல்லாம் அசையாதிருந்த கால், படுத்த சிறிது நேரத்தில் திடீரென மடங்கி இழுக்கிறது. அல்லது விறைத்து நீண்டு நடுங்குகிறது. போர்வை சற்றுச் சரிந்தாலும் துள்ளுகிறது. நோயாளி தூக்கம் இழக்கிறார். விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய மனைவியும் தூக்கம் இழக்கிறார். இதைக் கண்டு, கால் உயிர்பெற்றுவிட்டது என்று மகிழ்வோர் உண்டு. காற்றுச் சேட்டை என்று அஞ்சிப் பூசாரியைத் தேடுவோரும் உண்டு. இரண்டும் சரியன்று.

உண்மை யாது? முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியால் தட்டினால் நம் கால் தானே உதைக்கிறது. அந்த உதைக்கு மூளையின் கட்டளை தேவையில்லை. தண்டுவடமே அதனைச் செய்கிறது. அது அளவு மீறாமல் அடக்கிவைப்பது மூளையின் வேலை. தண்டுவடம் அடிபட்டால், அவ்விடத்துக்குக் கீழே மூளையின் அடக்குமுறை சென்று சேர்வதில்லை. ஆகவே, கடிவாளம் அறுந்த குதிரையைப் போல, சிறு தொடுதலுக்கும் தசைகள் பெரிதாகத் துள்ளுகின்றன. விபத்து நேர்ந்து சில வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்னரே இது பெரும்பாலும் தொடங்குகிறது. நோயாளி வேண்டுமென்று உதைப்பதில்லை என்பதை வீட்டார் முதலில் உணர வேண்டும்.

இரவில் இது மிகுவதற்குக் காரணங்கள் உண்டு. நாள் முழுதும் நாற்காலியில் மடங்கியிருந்த தசைகள் படுக்கையில் நீட்டப்படுகின்றன. புரண்டு படுக்கும்போது அவை தூண்டப்படுகின்றன. சிறுநீர்ப்பை நிரம்புகிறது. முன்பு உண்ட மாத்திரையின் வேகமும் குறைகிறது.

அன்பர்களே! இன்றைய பேச்சில் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. வழக்கத்தைவிட இழுப்பு மிகுந்தால், அஃது உடல் அனுப்பும் செய்தி. உணர்ச்சியற்ற பகுதியில் முள் குத்தினாலும், புண் வந்தாலும் நோயாளிக்கு வலி தெரியாது. வலிக்குப் பதிலாகக் கால் துள்ளுகிறது. ஆகவே, கூடுதல் மாத்திரையைத் தேடுமுன் காரணத்தைத் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? சிறுநீர்ப்பை நிரம்பியுள்ளதா, சிறுநீர்க் குழாய் மடங்கியுள்ளதா என்று முதலில் பாருங்கள். சிறுநீர் கலங்கி நாற்றம் வீசினால், அல்லது காய்ச்சல் கண்டால், கிருமித் தொற்று இருக்கலாம். மலச்சிக்கல் உண்டா என்று கேளுங்கள். பிட்டம், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்தோ கறுத்தோ உள்ளதா என்று விளக்கொளியில் பாருங்கள். படுக்கைப் புண் அவ்வாறே தொடங்கும். கால் நகம் சதைக்குள் வளர்ந்துள்ளதா, கைலி முடிச்சோ காலுறையோ இறுக்குகிறதா, படுக்கை விரிப்பு மடிந்துள்ளதா என்பதையும் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், இரத்தக் கட்டோ எலும்பு முறிவோ இருக்கக்கூடும். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

படுக்கைக்குச் செல்லுமுன் சில வழக்கங்களைக் கடைப்பிடித்தல் நன்று. சிறுநீர்ப்பையை வெறுமையாக்க வேண்டும். மருத்துவமனையில் கற்பித்தவாறு கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகியவற்றை மெதுவாக நீட்டி, ஒவ்வொரு முறையும் அரை நிமிடமேனும் பிடித்திருக்க வேண்டும். வெடுக்கென இழுத்தல் இழுப்பை வளர்க்கும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்தல் பலருக்கு நலம் தருகிறது. மருத்துவமனையார் குறித்த கால அளவின்படி இரவிலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இழுப்பு வரும்போது காலுடன் மல்லுக்கட்டலாகாது. முழங்காலைத் தாங்கிப் பிடித்து, அடங்கும்வரை பொறுத்திருந்து, பின்னர் மெல்ல நீட்டுங்கள்.

செய்யலாகாதனவும் உள. சுடுநீர்ப் புட்டியோ, சூடான ஒத்தடமோ வைக்காதீர்கள். சூடு தெரியாத தோல் வெந்துபோகும். முரட்டுத்தனமாக உருவுதலும் கூடாது. நெடுநாள் நடவாத காலின் எலும்பு வலுவிழந்திருக்கும், எளிதில் முறியும்.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல். பேக்லோபென் என்னும் மாத்திரையை மருத்துவர்கள் பெரிதும் தருகின்றனர். அதனைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவர். அதைத் திடீரென நிறுத்துதல் பேராபத்து. கடும் இழுப்பு, காய்ச்சல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றி உயிருக்கே கேடு விளையலாம். ஆகவே, மாத்திரை தீருமுன்னரே, குறிப்பாகப் பெருநாள் விடுமுறைக்கு முன்னரே, கிளினிக்குக்குச் சென்று வாங்கி வையுங்கள். அம்மாத்திரையுடன் மதுவோ கள்ளோ அருந்தலாகாது. மயக்கம் மிகுந்து மூச்சு தளரக்கூடும். மாத்திரை போதாதவர்க்குத் தசையில் போடும் ஊசியும் பிற சிகிச்சைகளும் உண்டு.

மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்க்குத் தனி எச்சரிக்கை ஒன்று. திடீரெனத் தலை பிளப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, ஆடையைத் தளர்த்துங்கள். சிறுநீர் தடைபட்டுள்ளதா என்று பாருங்கள். குறையவில்லையெனில் 999 எண்ணை அழையுங்கள்.

செலவை எண்ணி எவரும் வாளாவிருக்க வேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டு தோன்றிய பெர்கேசோ நிறுவனத்தின் பாதுகாப்பு, வேலையிடத்து விபத்துக்கு மட்டுமன்றி, வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்துக்கும் உண்டு. முற்றும் செயலிழந்து, பிறர் துணையின்றி வாழ இயலாதவர்க்குப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விதியுண்டு. மலாக்காவில் அந்நிறுவனத்தின் மறுவாழ்வு மையம் 2014ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. தோட்ட அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ விசாரித்து, உரிய பாரங்களை நிறைவு செய்யுங்கள்.

மருத்துவரைக் காணச் செல்லும்போது ஒரு சிறு குறிப்பேட்டைக் கொண்டு செல்லுங்கள். இழுப்பு எந்த நேரத்தில் வந்தது, எத்தனை முறை வந்தது, அப்போது சிறுநீர், மலம், தோல் எவ்வாறு இருந்தன என்பவற்றை எழுதி வையுங்கள். எழுத இயலாத வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை எழுதட்டும். அந்த ஒரு பக்கம் மருத்துவருக்கு வழிகாட்டும்; நோயாளிக்கும் அவரைப் பேணும் இல்லத்தாருக்கும் அமைதியான உறக்கத்தைத் தரும்.