வெளிநாடு போறீங்களா? டேட்டாவுக்கு ஒரு சிம், ஓடிபிக்கு ஒரு சிம்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுல பாதி ஒரே கேள்விதான்: "வெளிநாடு போறேன், போன்ல நெட்டுக்கு என்ன பண்றது?" கேட்டவங்கள்ல ஒருத்தர் எண்ணூர், கத்தாருக்கு வேலைக்குப் போறார். இன்னொருத்தர் ராயபுரத்து அம்மா, மகளோட பிரசவத்துக்கு சிங்கப்பூர் போறாங்க. மூணாவது, முதல் தடவையா கப்பல் ஏறப் போற ஒரு தம்பி. மூணு பேருக்கும் விவரம் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒண்ணுதான்.

உங்க போன் ரெண்டு வேலை பார்க்குது. ஒண்ணு, டேட்டா: மேப், வாட்ஸ்அப், வீடியோ கால். இன்னொண்ணு, உங்க இந்திய நம்பர். பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி, யூபிஐ எல்லாம் அந்தப் பத்து இலக்கத்துலதான் தொங்கிட்டு இருக்கு. டேட்டா இல்லாட்டி அரை நாள் சிரமம், ஒரு கடைல சிம் வாங்கினா தீர்ந்துடும். நம்பர் போச்சுன்னா உங்க பணத்தையே உங்களால தொட முடியாது.

திருவொற்றியூர்ல எங்க பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தருக்கு இதான் நடந்துச்சு. வளைகுடாவுல ஃபிட்டர் வேலை. இறங்கின அன்னைக்கே அந்த ஊர் சிம்மைப் போட்டுட்டு, நம்ம ஊர் சிம்மைப் பர்ஸுக்குள்ள வெச்சுட்டார். மாசங்கள் ஓடிடுச்சு. தங்கச்சி காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு சிம்மை மாத்திப் போட்டா, நெட்வொர்க்கே வரலை, இணைப்பைத் துண்டிச்சிருக்காங்க. நம்பரை மாத்தணும்னா நேர்ல வரணும்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. கணக்குல அவர் சம்பாதிச்ச காசு இருக்கு. ஆனா வீட்டுல ஃபீஸ் கட்டினது வட்டிக்கு வாங்கித்தான்.

டிராய் விதிப்படி, ஒரு ப்ரீபெய்ட் நம்பர் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாம கிடந்தா கம்பெனி அதை நிறுத்தலாம். கொஞ்ச காலம் கழிச்சு அதே நம்பரை வேற ஒருத்தருக்குக் கொடுக்கவும் செய்யலாம். அதனால ரெண்டு வருஷக் கான்ட்ராக்ட்ல போறவங்க, ரீசார்ஜ் தேதியை வீட்டுல காலண்டர்ல எழுதி மாட்டிட்டுப் போங்க. ரீசார்ஜை இங்க இருந்து யார் வேணும்னாலும் போடலாம்.

இப்போ செட்டிங்க்ஸ். ஒரே மாதிரி பேர் இருக்கிற ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். இன்டர்நேஷனல் ரோமிங் உங்க சிம் கம்பெனி தர்ற சேவை. அது ஆன்ல இருந்தாத்தான் வெளிநாட்டு டவர் உங்க சிம்மை ஏத்துக்கும். அந்த டவர் உங்க நம்பர் விவரத்தை இந்தியாவுல இருக்கிற உங்க கம்பெனிகிட்ட கேட்கும், சரின்னு பதில் வந்தாத்தான் எஸ்எம்எஸ் வரும். டேட்டா ரோமிங் உங்க போன்ல இருக்கிற ஒரு சுவிட்ச். இந்திய சிம்முக்கு முதலாவது ஆன், ரெண்டாவது ஆஃப். இப்படி வெச்சா ஓடிபி வரும், நீங்க தூங்கும்போது ஆப் அப்டேட் ஓடி பேலன்ஸைக் காலி பண்ணாது. பெரும்பாலான திட்டங்கள்ல ரோமிங்ல வர்ற எஸ்எம்எஸ் இலவசம். வர்ற காலுக்குக் காசு உண்டு, தெரியாத நம்பரை எடுக்காதீங்க.

ரோமிங் சேவையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே, மீனம்பாக்கம் போறதுக்கு ரெண்டு நாள் இருக்கும்போதே ஆன் பண்ணிடுங்க. அங்க இறங்கின பிறகு ஆன் பண்ணவும் ஓடிபி கேட்கலாம், அந்த ஓடிபி வர ரோமிங் வேணும்.

அடுத்தது டேட்டா. நாலஞ்சு நாள் பயணம்னா நம்ம கம்பெனியோட ரோமிங் பேக்கே போதும். பேக் போட்டா மட்டும் டேட்டா ரோமிங்கை ஆன் பண்ணுங்க. பிரசவத்துக்குப் போற அம்மா மாதிரி மாசக்கணக்குல இருக்கிறவங்களுக்கு உள்ளூர் சிம்தான் கட்டுப்படியாகும். சிங்கப்பூர்ல பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். ரெண்டு சிம் போடுற போனா, லாக் இல்லாத போனான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க. உள்ளூர் சிம்மைப் போட்டதும் மொபைல் டேட்டாவுக்கு அதைத் தேர்வு பண்ணுங்க. சிக்னல் குறைஞ்சா தானா இன்னொரு சிம்முக்கு மாறுற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும், அதை அணைச்சிடுங்க. வாட்ஸ்அப் "நம்பரை மாத்தவா"ன்னு கேட்டா, வேணாம்னு சொல்லுங்க. பழைய நம்பர்லயே ஓடும்.

இ-சிம் வாங்குறவங்களுக்கு ரெண்டு குறிப்பு. அதை இறக்கவே நெட் வேணும், அதனால வீட்டு வைஃபைலயே போட்டு முடிச்சிடுங்க. க்யூஆர் கோட் பெரும்பாலும் ஒரு தடவைதான் வேலை செய்யும், பயணம் முடியும்வரை அழிக்காதீங்க. பயண இ-சிம் பலதும் மூணாவது நாட்டுக் கம்பெனியோடது. அதாவது போற ஊர்ல அதுவே ஒரு விருந்தாளி. அதனால அந்த இ-சிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கை ஆன் பண்ணணும். "சிக்னல் இருக்கு, நெட் வரலை"ன்னு சொல்றவங்க முதல்ல பார்க்க வேண்டிய இடம் இதான், அடுத்தது ஏபிஎன். இன்னொண்ணு, வெளிநாட்டு சிம்மை இந்தியாவுல விக்க தொலைத்தொடர்புத் துறையோட அனுமதி வேணும். அது இல்லைன்னு 2024 ஜனவரியில ஏர்அலோ, ஹோலாஃப்ளை ரெண்டு ஆப்பையும் இங்க ஆப் ஸ்டோர்ல இருந்து எடுத்தாங்க. அனுமதி உள்ள ஆளாப் பார்த்து வாங்குங்க.

யூபிஐ ஆப் பதிவாகும்போது உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளிய போகும். வெளிநாட்டுல இருந்து அது போகாம மாட்டிக்கலாம். அதனால புது போன் வாங்கணும்னா இங்கேயே வாங்கி, இங்கேயே யூபிஐயைப் போட்டுட்டுக் கிளம்புங்க. கத்தார் போற அண்ணனுக்கு: வேலைக்குப் போறவங்க சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவா மாத்தணும். 2023 ஜனவரியில என்பிசிஐ, சிங்கப்பூர், கத்தார், ஓமன், சவூதி, அமீரகம் உட்பட 10 நாட்டு நம்பர்கள்ல என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்குக்கு யூபிஐ தரலாம்னு வழி விட்டுச்சு. உங்க பேங்க் அதைத் தருதா, ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்புமான்னு கேட்டு வெச்சுக்கோங்க. துபாய் போறவங்க கவனிக்க: ரொம்ப வருஷமா அங்க வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், கால் போகாது. நம்ம ஆளுங்க போட்டிம் மாதிரி ஆப்லதான் பேசுறாங்க.

கடைசியா கப்பல் தம்பிக்கு. காசிமேட்டுல போட் ஏறுறவங்களைக் கேட்டுப் பாரு, கரை மறைஞ்சா டவரும் மறைஞ்சிடும். நடுக்கடல்ல உனக்கு இருக்கிறது கப்பலோட சாட்டிலைட் வைஃபை மட்டும்தான். பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ் அதுல வரும்னு நம்பாதே, பண வேலையைத் துறைமுகத்துல நிக்கும்போது முடிச்சிடு. பயணிகள் கப்பல், விமானம் சிலதுல சொந்தமா மொபைல் நெட்வொர்க் இருக்கும். போன் தானாப் போய் ஒட்டிக்கும். நீ போட்ட நாட்டு பேக் அதுக்குச் செல்லாது, கட்டணம் எக்கச்சக்கம். ஏரோப்ளேன் மோடுல போட்டு வைஃபையை மட்டும் ஆன் பண்ணு. கப்பல்ல நெட் கேட்கிறதுக்குக் கூச்சப்படாதே. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்துல 2022ல கொண்டு வந்த திருத்தம் 2024 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு. முடிஞ்ச அளவு கப்பல்ல இணைய வசதி தரணும்னு அதுல இருக்கு. இந்தியா அந்த ஒப்பந்தத்தை 2015லயே ஏத்துக்கிட்ட நாடு.

எல்லாரும் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி இதைச் செய்ங்க: மேப்பை ஆஃப்லைன்ல இறக்குங்க, டிக்கெட்டையும் தங்குற முகவரியையும் பேப்பர்ல எடுங்க. வீட்டுச் செலவுக்கான காசை உங்க ஓடிபியை நம்பி விடாம, வீட்டுல இருக்கிறவங்க கணக்குலயே கொஞ்சம் போட்டு வெச்சுட்டுப் போங்க.

வேற சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. போன் மாடலும் போற நாடும் மறக்காம சொல்லுங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.