வெளிச்சமும் பிரேக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற பக்கம் படுவான்கரை. கிழக்கே, சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. வெளிச்சத்தை வைத்து நிலத்துக்குப் பெயரிட்ட சனங்கள் நாங்கள். செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியிலே கரடியனாற்றைச் சுற்றியுள்ள வயல்வெளியில், பொழுது பட்ட பிறகு நம்பிப் போகக்கூடிய வெளிச்சம் வாகனத்தின் முன்விளக்குத்தான். யானை வீதிக்கு ஏறுகின்ற இடம் அது. அந்த வெளிச்சத்துக்கு மின் கொடுக்கின்ற சிறு யந்திரத்தைப் பற்றி இன்று பேச நினைக்கிறேன்.

இலக்கியத் தொடரில் இதற்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். எங்கள் சிறுகதைகளில் மாட்டுவண்டி நிறைய வந்துவிட்டது. நெல் மூட்டையையும் பால் கானையும், நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்று நோவோடு துடிக்கும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு நோக்கி ஓடுகின்ற டீசல் பிக்கப் இன்னும் சரியாக வரவில்லை என்பது என் அபிப்பிராயம். வருவதாயின், எழுதுபவர் அதன் வயிற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும்.

கராஜில் இதை ஒல்ரனேற்றர் என்பார்கள். எங்கள் பௌதிகவியல் புத்தகம் ஆடலோட்டம் என்று சொல்லுகின்ற, திசை மாறி மாறி ஓடும் மின்னை இது பிறப்பிக்கின்றது. உள்ளே இருக்கும் இருவாயிகள் அதை ஒரே திசைக்குத் திருப்பிப் பற்றரிக்கு அனுப்புகின்றன. அடிப்படை, 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். பழைய மொறிஸ் மைனர் கார்களில் இருந்தது தைனமோ. மெதுவாக ஓடும்போது அது போதிய மின் தராது. சிலிக்கன் இருவாயிகள் வந்த பிறகே ஒல்ரனேற்றர் சாதாரணக் கார்களுக்கு வந்தது. 1960 இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ற் காரில் அதைப் பொருத்தியது.

தைனமோவை எங்கள் ஆட்கள் அவ்வளவு இலகுவில் மறக்க மாட்டார்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்திலே, சைக்கிள் மிதியைக் கையால் சுற்றி, தைனமோவில் வந்த மின்னில் வானொலி கேட்டார்கள். இதுபோன்ற எத்தனை பேச்சுகள் கை உளைய உளையக் கேட்கப்பட்டனவோ! கறுத்தப்பாலத்துக்கு அப்பால் எங்கள் பக்கத்துக்கும் அந்நாட்களில் டீசலும் பற்றரியும் நினைத்தபடி கொண்டு போகக்கூடிய பொருட்களாக இருக்கவில்லை.

இனி நோய்க்கு வருவோம். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை இறுக்கி அமுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெற்றோல் காரில் சார்ஜ் ஏறாமல் விட்டால், பற்றரி இறங்கியதும் அது இருமி இருமி நின்றுவிடும். பழைய டீசல் பிக்கப்போ முனகாமல் ஓடும். (எண்ணெயைத் திறந்து வைக்கும் சிறு மின் வால்வு பூட்டிய என்ஜின்களும் உண்டு, பற்றரி முற்றாகச் செத்தால் அவையும் நிற்கும்.) பகலிலே லைட் தேவையில்லை. ஸ்டார்ட் எடுக்காவிட்டால் இரண்டு பெடியன்கள் தள்ளுவார்கள். இப்படியே நோய் வளர்ந்து, ஓர் இரவில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி அணையும்போதுதான் சாரதிக்குத் தெரியவரும்.

என் மச்சான் ஒருவரின் பிக்கப்பில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. புதிய வாகனம் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திறந்தது, திறந்த பிறகும் விலை கமக்காரன் எட்டித் தொடுகின்ற விலையல்ல. கிழட்டு வாகனத்துக்கு வைத்தியம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கராஜ் பாஸ் முதலில் பெல்ட்டை அமத்திப் பார்த்தார். பற்றரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். பெல்ட் தளர்ந்தாலும், முனையில் களிம்பு பிடித்தாலும் இதே குணங்குறிதான் காட்டும்; குற்றமற்ற ஒல்ரனேற்றர்கள் பல அப்படித்தான் கழற்றப்படுகின்றன. பிறகு என்ஜினை ஓடவிட்டு, "லைட்டைப் போடுங்க தம்பி, மறுகா மீற்றரப் பாருங்க" என்றார். பதினான்கு வோல்ற்றை அண்டி நிற்க வேண்டிய முள் பன்னிரண்டில் கிடந்தது. ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கின்ற பழைய பழக்கம் அவரிடம் இல்லை. அது தைனமோக் காலத்துப் பழக்கம். ஒல்ரனேற்றரில் அப்படிச் செய்தால் வோல்ற்றளவு துள்ளி எழுந்து இருவாயிகளைச் சுட்டுவிடும்.

மச்சான் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் பாதி விலைக்கு ஒன்று பார்த்து வைத்திருந்தார். பெற்றோல் வான் ஒன்றிலிருந்து கழற்றியது. "பின்னால பம் இல்லாட்டியும் பூட்டலாம், வண்டி ஓடும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அது பொய்யல்ல. வண்டி ஓடும். நிற்காது.

பெற்றோல் என்ஜின் மூச்சை இழுக்கும்போது அதன் குழாயில் வெற்றிடம் உண்டாகும். பிரேக்கை இலேசாக்குவது அந்த வெற்றிடந்தான். டீசல் என்ஜின் தடையின்றிக் காற்றை இழுப்பதால் அந்த வெற்றிடம் கிடையாது. அதற்கென்று ஒரு பம் வேண்டும். ஜப்பானிய டீசல் பிக்கப்புகள் பலவற்றில், எல்லாவற்றிலும் அல்ல, அந்தப் பம் ஒல்ரனேற்றரின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். ஒரே அச்சு, ஒரே பெல்ட். வெளிச்சமும் பிரேக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அறுவடை நெல் விற்கவில்லை, கையில் காசில்லை என்று மச்சான் இழுத்தார். பாஸ் வாதாடவில்லை. மச்சானைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, என்ஜினை நிறுத்தச் சொல்லி, பிரேக்கை நாலைந்து தரம் அமத்தச் சொன்னார். முதலிரண்டு தரம் இறங்கிய பெடல் பிறகு மரக்கட்டையாகிவிட்டது. "இதுதான் தம்பி அந்தச் சாமான் பூட்டினா உங்கட பிரேக். முப்பது மூட நெல்லோட, முன்னால யானை நிக்கிற நேரம், இந்தப் பெடலைத்தான் மிதிப்பீங்க." மச்சான் பேசாமல் இறங்கினார். காசு மாறி, பம்மோடு கூடியதை எடுக்க நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு இரவும் வண்டி முற்றத்தில் நின்றது.

பூட்டுகிற வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. முதலில் பற்றரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். ஒல்ரனேற்றருக்கு வரும் தடித்த வயர் சுவிச் இல்லாமல் நேரே பற்றரியிலிருந்து வருவதால், ஸ்பனர் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். பம்முக்கு எண்ணெய் வருகின்ற குழாய், திரும்பிப் போகின்ற குழாய், வெற்றிடக் குழாய் என்று மூன்று. மூன்றையும் பாஸ் கழற்றி, எண்ணெய்க் குழாய்க்குப் புதிய செப்பு வாஷர் போட்டார். இரண்டு ஒல்ரனேற்றரையும் அருகருகே வைத்துக் கப்பியின் அளவையும் பெல்ட் ஓடும் பள்ளத்தையும் ஒப்பிட்டார். புதியதைப் பூட்டுவதற்கு முன் பம்முக்குள் சிறிது சுத்தமான எண்ணெய் விட்டார். காய்ந்த பம்மைச் சுழற்றினால் அதன் தகடுகள் முதல் நிமிடத்திலேயே தேயும் என்பது அவர் கணக்கு. பெல்ட்டை இறுக்கி, பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

ஸ்டார்ட் எடுத்ததும் மீற்றர் 14.2 காட்டியது, லைட்டைப் போட்ட பிறகு 13.9. அதைவிட எனக்குப் பிடித்தது பிரேக் சோதனைதான். என்ஜினை நிறுத்திப் பெடல் இறுகும் வரை மிதித்து, காலை எடுக்காமலே மறுபடி ஸ்டார்ட் எடுக்கச் சொன்னார். காலின் கீழே பெடல் மெல்ல ஓர் அங்குலம் இறங்கியது. மச்சான் எங்களை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் விடிய, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்க வண்டியின் கீழே விரித்திருந்த மட்டையைப் பாஸ் இழுத்தெடுத்தார். காய்ந்துதான் இருந்தது. பழைய ஒல்ரனேற்றரை அவர் எறியவில்லை. காபனும் பெயாரிங்கும் மாற்றினால் இன்னும் ஒருவருக்கு உதவும் என்று துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.