பக்கெட்டில் போட்ட கம்பியும் சுவரில் மாட்டிய ஹீட்டரும்



1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் மகளிர் குழுக்கள் தொடங்கின. அந்தப் பெருமையை முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் குழுவில் வாங்கின 8,000 ரூபாய் கடனைப் பற்றிச் சொல்ல வந்தேன். "சுடுதண்ணிக்குக் கூடவா கடன்?" என்று குழுவிலேயே சிரிச்சாங்க.

எங்க வீட்டில் முன்னே விறகடுப்பும் அண்டாவும்தான். அத்தைக்கு இழுப்பு வந்தது, புகை ஆகலை. அப்புறம் பக்கெட்டில் போடுற கம்பி ஹீட்டர் வாங்கினோம். ஒருநாள் சூடு பார்க்க என் மகள் சுவிட்சை அணைக்காமல் தண்ணியில் விரலை விட்டுட்டா. கை மரத்து, சுவரோரம் போய் விழுந்தா. ரப்பர் செருப்பு போட்டிருந்தா. அதனால்தான் பிழைச்சாளோ என்னவோ. கம்பியில் குறை இல்லை. மூணு முள் பிளக்கை ரெண்டு முள்ளாக மாத்தி, எர்த்தைத் துண்டிச்சது நாங்கதான்.

கேஸ் ஹீட்டர் வைக்கலாம் என்றார் வீட்டுக்காரர். எங்க குளியலறைக்கு ஜன்னலே கிடையாது. காத்து போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது, மயங்கி விழுந்து உயிரே போகும். வேண்டவே வேண்டாம்னு நான் நின்னுட்டேன்.

கடைசியில் 3 லிட்டர், 3,000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கினோம். கடனில் பாதி வயரிங்குக்கே போச்சு. தனி வயர், 16 ஆம்பியர் பிளக், எர்த் குழி, கசிவு வந்தால் கரண்டை நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டோம். இதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

கரண்ட் மிச்சமாகும்னு கடையில் சொன்னாங்க. பெரிய டேங்க் ஹீட்டரோடு பார்த்தால் மிச்சம்தான். அது சூடாக்கி வைத்த தண்ணி சும்மா ஆறிப் போகும். கம்பியோடு பார்த்தால் மிச்சம் ஒண்ணுமில்லை. 15 லிட்டர் தண்ணியை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர எதில் காய்ச்சினாலும் சுமார் 0.35 யூனிட் வேணும். இதில் 7 நிமிஷம், 1,500 வாட் கம்பியில் 14 நிமிஷம், அவ்வளவுதான். தினம் 4 பக்கெட் என்றால் ரெண்டு மாசத்துக்கு 84 யூனிட். நமக்கு இலவசமே 100 யூனிட்தானே! அதனால் அத்தைக்கும் மகளுக்கும் மட்டும், அதுவும் குளிர் மாசத்தில்தான் போடுறோம்.

விடியக்காலையில் வோல்டேஜ் குறைஞ்சால் தண்ணி வெதுவெதுன்னுதான் வரும். குழாயைக் கொஞ்சமாத் திறக்கணும். போர் தண்ணி உப்பு உள்ளே படியும், வருஷம் ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணணும். இன்னொண்ணு, சூடாக்கினால் போர் தண்ணியில் இருக்கிற ஃப்ளோரைடு போகாது. குடிக்க ஒகேனக்கல் தண்ணியே எடுங்க.

கடனில் இன்னும் 3 தவணை பாக்கி. முதலில் சிரிச்ச அக்கா போன வாரம் வீட்டுக்கு வந்து எர்த் குழியைப் பார்த்துட்டுப் போனாங்க.