மென்பொருளுக்கும் ஒரு முத்திரை

(சங்கரன்கோவிலில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெசவு நம் ஊருக்குப் புதிதன்று. சேலையைக் கையிலெடுத்தவுடன் இழையையும் சாயத்தையும் மதிப்பிட்டுவிடுவோம்; நெய்தவர் பெற்ற கூலியை அது காட்டாது. அக்குறையை நீக்கவே முத்திரைகள் தோன்றின. 1988-இல் ஒல்லாந்து தேசத்தில் காப்பிக்கொட்டைக்கு நியாய வர்த்தக முத்திரை ஏற்பட்டது. சிறுவர் உழைப்பின்றி நெய்த கம்பளங்களுக்கு 1994-இல் 'ரக்மார்க்' முத்திரை வந்தது. 2006-இல் இந்திய அரசாங்கத்தார் கைத்தறி முத்திரையை ஏற்படுத்தினர்.

மென்பொருளோ கண்ணுக்குப் புலனாகாத நெசவு. தென்காசி வட்டாரத்தில் 2011 முதல் சோகோ நிறுவனத்தார் உள்ளூர் இளைஞர் பலரைக் கொண்டு அதனை ஆக்குவித்து வருகின்றனர். ஆகவே கிராமத்தில் இது கூடுமோ என்னும் ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும் அயல்நாட்டார் பலர் இத்தேசத்தாரிடம் வேலையை ஒப்படைப்பது கூலி மலிவு கருதியே என்பதும் மறுக்கற்பாலதன்று.

ஆதலின், வளரும் நாடுகளில் உள்ளூராரை அமர்த்தி ஆக்கும் மென்பொருளுக்கும் நற்சான்று வேண்டும். ஆக்கிய ஊரின் பெயரை மட்டும் பொறித்தல் போதாது. குடும்பம் பேணத்தக்க ஊதியம் உண்டா? நுட்பமான பகுதி நம்மவர் கையில் உண்டா, அன்றி எடுபிடி வேலை மட்டுமா? ஆக்கியோர் பெயர் பதிவாகின்றதா? சோதிப்போர் இவற்றை முதலாளியிடம் மாத்திரமன்றி வேலை செய்வோரிடமும் தனித்து வினவல் வேண்டும். சான்றுக்குரிய செலவு சிறு நிலையங்களை நசுக்கவுங் கூடாது.

பெற்றோரே! பிள்ளைக்கு வேலை கிடைத்ததெனில் சம்பளத்தையே வினவுகின்றோம். 'அங்கே என்ன கற்பாய்?' என்றும் வினவுவோமாக. முத்திரை வருமளவும் அவ்வினாவே நம் மக்களுக்குக் காவலாகும்.