கஞ்சாச் செடியில் ஒரு மருந்து
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மின்னியல் படிச்சவனுக்கு மூளையைப் பத்திப் பேச என்னப்பா தகுதி?" என்று நம்ம செயலாளர் கேட்டார். தகுதி ஒன்றுமில்லை, காரணம் ஒன்று இருக்கிறது.

என் அக்கா மகளுக்கு ஆறாவது மாதத்தில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. டிராவே நோய் என்றார்கள் மருத்துவர்கள். மூன்று வகை மருந்து கொடுத்தும் வலிப்பு முழுதாக நிற்கவில்லை. ஒருநாள் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்: "கஞ்சா எண்ணெய் கொடுங்க, மாத்திரையெல்லாம் தூக்கிப் போடுங்க." அக்கா என்னிடம், "தம்பி, நீதான் இவ்வளவு படிச்சிருக்கியே, இது நிஜமா?" என்றாள். அவளுக்காகத் தேடிப் படித்ததைத்தான் சொல்கிறேன்.

கஞ்சா என்றதும் முன்வரிசையில் முகங்கள் மாறுகின்றன. பயப்படாதீங்க சார்! அந்தச் செடியில் போதை தருவது டி.எச்.சி. என்னும் பொருள். நான் பேசுவது கன்னாபிடியால், சுருக்கமாக சி.பி.டி. இது அந்தப் போதையைத் தராது. இதன் மூலக்கூறு அமைப்பை 1963இல் கண்டறிந்தவர் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெஷூலம். 1980இல் அவரும் பிரேசில் மருத்துவர்களும் வலிப்பு நோயாளிகள் எட்டுப் பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நால்வருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது.

சற்று முன் இந்த மைக் 'கூ' என்று அலறியதே, ஞாபகமிருக்கிறதா? ஸ்பீக்கரின் ஒலியை மைக் மறுபடி வாங்கிப் பெருக்கியதால் வந்த வினை அது. வலிப்பும் ஏறக்குறைய அப்படித்தான். நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒன்றாகச் சேர்ந்து மின்துடிப்பு விடுகின்றன. சி.பி.டி. அதை எப்படித் தணிக்கிறது என்பது அறிவியலுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் தணிக்கிறது என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. டிராவே நோயுள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் மாத வலிப்பு, இடைநிலைக் கணக்கில், 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான். 2018இல் அமெரிக்க அரசு, டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ ஆகிய இரு நோய்களுக்கு 'எபிடியோலெக்ஸ்' என்ற சி.பி.டி. மருந்தை அனுமதித்தது. 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயினால் வரும் வலிப்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அந்த ஆய்வில் குழந்தைகள் ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைகளை நிறுத்தவில்லை. அவற்றோடு சேர்த்துத்தான் இதைக் கொடுத்தார்கள். தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தன. வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பைக் கவனிக்க வேண்டியிருந்தது. அல்சைமர், பார்க்கின்சன் நோய்களையும் இது குணமாக்கும் என்கிறார்களே? எலிகளிலும் செல்களிலும் சில நல்ல அறிகுறிகள் தெரிகின்றன. அந்த நோய்களைக் குணமாக்கும் என்று மனிதர்களிடம் நிரூபணம் இல்லை.

இணையத்தில் விற்கும் எண்ணெய் சங்கதி வேறு. அமெரிக்காவில் அப்படி வாங்கிய 84 பொருட்களைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் போதைப் பொருளான டி.எச்.சி.யும் இருந்தது. ரேட்டிங் தெரியாத ஃபியூஸை நாம் எந்த இயந்திரத்திலாவது மாட்டுவோமா? குழந்தைக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

அக்காவிடம் சொன்னேன்: "செய்தி பாதி நிஜம்க்கா. மருந்து நிஜம், மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னது விபரீதம். திடீர்னு நிறுத்தினா வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்." நான் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு இருவரும் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். இனி முடிவு அவருடையது. மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை.

இதே கேள்வியோடு உங்கள் வீட்டிலும் யாராவது வந்தால், அவர்களையும் அந்த வாசலுக்கே அழைத்துப் போங்கள்.