ஆர்டர் நோட்டு



தாராவியில் தையல் மிஷின் சத்தம் கேட்காத சந்து குறைவு. நம்மில் பலர் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறோம். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் தீபாவளி முடிந்ததும் கையில் காசு நிற்பதில்லை. வட்டிதான் நிற்கிறது. ஏன்?

கடன் வாங்கி லைனிங் துணி வாங்குகிறோம். தைத்து முடித்ததும், "கை நீளம் இப்படியா சொன்னேன்?" என்கிறார்கள். சிலர் வாங்க வருவதே இல்லை. ஒருவர் அளவுக்குத் தைத்ததை இன்னொருவருக்கு விற்க முடியுமா?

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு நோட்டு வாங்குங்கள். ஓர் ஆர்டருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், அளவு, கழுத்து மாதிரி, கூலி, முன்பணம், கொடுக்கும் தேதி எல்லாம் எழுதுங்கள். துணியில் ஒரு துண்டு வெட்டிக் குத்தி வையுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வந்தவர் மராத்திக்காரராக இருந்தால் என்ன? எண்களைக் காட்டிப் பேசலாமே!

ஒரு கணக்குப் போடுவோம். கல்யாண வீட்டுக்கு 10 ஜாக்கெட். ஒன்றுக்குக் கூலி 200 ரூபாய், லைனிங் 60, நூலும் ஹூக்கும் 10. ஆக 270. பத்துக்கு 2,700 ரூபாய். இதில் நாம் முதலில் போடும் பணம் 700. அப்படியானால் முன்பணம் 700-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் கடன் நம் தலையில்தான். தெரிந்தவர்கள் என்று கூச்சப்படாதீர்கள். வட்டிக்காரர் நம்மிடம் கூச்சப்படுகிறாரா?

முன்பணத்தைத் தனி டப்பாவில் போடுங்கள். அது அரிசி வாங்கும் பணம் அல்ல. லைனிங் வாங்கும் பணம். ஆர்டர் வந்த பிறகே வாங்குங்கள். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் துவைத்ததும் சுருங்கிவிடும். பிரித்துத் தைக்கும் வேலைக்குக் கூலி கிடையாது.

நடுவில் மாதிரியை மாற்றச் சொன்னால், கூடுதல் கூலியைப் பேசி, அதே பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தைக்க முடியும்? மூன்று என்றால், பத்து நாளில் முப்பது. முப்பத்தோராவது ஆர்டருக்கு, "பண்டிகைக்குப் பிறகு தருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன தேதியில் கொடுத்தால் அவர்களே நாலு பேரை அழைத்து வருவார்கள்.

இன்று இரவே கையில் உள்ள ஆர்டர்களை எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை. எண் பிழை வேண்டாம். அடுத்த வகுப்புக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.